இடது பெட்டி

இடது பெட்டி சரியில்லை என்றுதான் என் கணவர் முதலில் சொன்னார். அது தொண்ணூற்றெட்டாம் வருஷக் கடைசி. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரிலிருந்து அரியலூர் பஸ்ஸில் அந்த ரிசீவரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பக்கத்தில் உட்கார இடம் கேட்டவர்களிடம் குழந்தையைக் காட்டுவதுபோல அதைக் காட்டினாராம்.

லெப்பைக்குடிக்காட்டு மதார் பாய் ஜித்தாவில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது அது. ஊரோடு திரும்பியபோது கூடவே கொண்டுவந்துவிட்டார். அவர் மகன் நசீர் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாகக் கடை வைத்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்து, வீடுகளில் தூசி பிடித்துக் கிடக்கும் சாமான்களை வாங்கி, சரிபண்ணி, எங்களைப் போன்றவர்களுக்கு விற்பார். வெள்ளி நிற முகப்பு, கை நிறையப் பிடித்துத் திருப்பும்படியான குமிழ்கள், மஞ்சள் வெளிச்சத்தில் நகரும் வானொலி முள். புதிதாக ஒன்று வாங்க எங்களால் ஆகாது. பழையதோடு பழையதைச் சேர்த்தால் புதிதைவிட நன்றாகப் பாடும் என்று நசீர் சொன்னதை இவர் வேதம் மாதிரி திருப்பிச் சொன்னார்.

என் கணவர் உத்திராபதி சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் காண்ட்ராக்டரிடம் டிப்பர் ஓட்டினார். டிப்பரில் டிரைவருக்கு இடது பக்கத்திலேயே இன்ஜின். காலையிலிருந்து மாலைவரை அது காதுக்குள் அரைத்துக்கொண்டே இருக்கும். எப்போதோ ஒரு இன்ஜினியர் குவார்ட்டர்ஸில் அவர் ஸ்டீரியோ கேட்டிருக்கிறார். "தபேலா ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கம், நடுவுல ஒரு பொம்பள ஆளு நின்னு பாடுறா, குழலி. ஆளு நிக்கிறது தெரியுது" என்பார். அந்த நடுவில் நிற்கும் ஆளுக்காகத்தான் இத்தனையும்.

ஸ்பீக்கர் பெட்டிகள் ஒரு காலனி வீட்டைக் காலி செய்தவர்களிடமிருந்து வந்தன. புத்தக அலமாரியில் வைக்கிற அளவுதான். வாயைச் சுற்றியிருந்த ரப்பர் தொட்டால் உதிர்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் மெல்லிய தோல் வாங்கிவந்து, வட்டமாக வெட்டி, நான்தான் ஒட்டினேன்.

நசீர் கொடுத்த சாமான்களில் இன்னொன்றும் இருந்தது. செங்கல்லைவிடக் கனமான ஓர் இரும்பு டப்பா. "இது சவூதி செட்டு அண்ணே. அவங்க கரண்டு நூத்திச்சொச்சம், நம்ம கரண்டு எரநூத்திச்சொச்சம். இந்த டப்பாவுல கொறச்சுத்தான் இதுக்குக் குடுக்கணும். நேரா செவுத்துல சொருகுனீங்க, வல்லாஹி, சத்தியமாச் சொல்றேன், வாசம் வரும். ஆனா பிரியாணி வாசமா இருக்காது" என்றாராம்.

அந்த டப்பா எப்போதும் ஒரு வண்டு மாதிரி முனகும். பாட்டு கேட்கும்போது இந்தச் சத்தம் எதற்கு என்று, இவர் கூடத்துச் சுவரில் துளை போட்டு டப்பாவைச் சமையலறையில், அரிசித் தகரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். துளை வழியாக வரும் ஒயர் அலமாரி ஓரத்தில் ஒரு பிளக் போர்டில் முடியும். கூடத்தில் இருப்பவர்களுக்கு அது சாதாரணப் போர்டு. முனகலோடு குடித்தனம் நடத்தியது நான்தான்.

எல்லாம் சேர்த்துப் பாட்டு போட்டதும் அவர் முகம் சுருங்கியது. "இடது பெட்டி மந்தமா இருக்கு." இரண்டு பக்கத்தையும் சமன்செய்கிற குமிழை இடது பக்கம் திருப்பினார். இன்னும் திருப்பினார். கடைசிவரை திருப்பியபின்தான் முகம் மலர்ந்தது. எனக்கோ இடது பெட்டி மட்டும் அலறியது, வலது செத்துக் கிடந்தது.

"இடதுதாங்க கத்துது" என்றேன்.

"சும்மா வெளையாடாத. நல்லா கேளு."

"நல்லாத்தான் கேக்குறேன்."

"ஒனக்குப் பாட்டு கேக்கத் தெரியல" என்றார். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டுச் செந்துறையில் ஒரு மைக்செட்காரரிடமிருந்து வேறு ஜோடி வாங்கினார். அதிலும் இடதுதான் மந்தம். ஒயரை மாற்றினார். மந்தம். ரிசீவரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, தை மாதம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு பெரம்பலூர் கிளம்பினார். டப்பாவை மட்டும் எடுக்கவில்லை. நசீர் கடையில் அதுபோல் ஒன்று உண்டு. வாலிகண்டபுரம் கோயிலுக்கும் போய்வரலாம் என்று என்னையும் கூப்பிட்டார். பெரம்பலூரில் வேலை இருக்கிறது என்று என் அண்ணன் அரியமுத்துவும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான்.

அண்ணன் அதே காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். இவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். அந்த வருஷம் காண்ட்ராக்ட் டிரைவர்களில் சிலரைக் கம்பெனியே நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. பெயர் கொடுப்பது அண்ணன் கையில் இருந்தது. அப்புறம் மெடிக்கல். அது முடிந்தால் சொந்தமாக ஒரு வீடு, பி.எஃப்., தீபாவளிக்குப் போனஸ். எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் அந்த வேலையில் போய்த்தான் முடியும்.

நசீர் கடையில் இவரை ஸ்டூலில் உட்காரவைத்து, எதிரே பெட்டிகளை வைத்தார்.

"இப்ப ஒயரை இடம் மாத்துறேன் அண்ணே. கோளாறு ரிசீவர்ல இருந்தா வலது பக்கம் போயிடும். இப்ப எந்தப் பக்கம் டல்லு?"

"இடதுதான் பாய்."

"அப்ப பெட்டிதான்." பெட்டிகளை இடம் மாற்றினார். "இப்ப?"

"இடதுதான்."

கடையிலிருந்த வேறு ரிசீவரை வைத்தார். வேறு பெட்டிகளை வைத்தார். இவர் இடது, இடது என்றே சொன்னார். நசீர் பெட்டிகளை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார். பிறகு, "அண்ணே, ஸ்டூல அப்படியே திருப்பிப் போட்டு எனக்கு முதுகு காட்டி ஒக்காருங்க" என்றார்.

இவர் திரும்பி உட்கார்ந்தார்.

"இப்ப எது?"

இவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இப்ப அந்தப் பக்கத்துப் பெட்டி மந்தமா இருக்கு பாய்" என்று மற்றதைக் காட்டினார். காட்டிய கை அப்படியே நின்றது.

நசீர் பாட்டை நிறுத்தினார். "செட்டுல கோளாறு இல்லண்ணே" என்று மெதுவாகச் சொன்னார். "திருச்சியில நல்ல காது டாக்டர் இருக்காரு. காட்டிப் பாக்கலாம்."

சின்ன வயதில் அந்தக் காதில் சீழ் வடியும் என்று என் மாமியார் ஒரு முறை சொல்லியிருக்கிறார். மிச்சத்தை இன்ஜின் எடுத்துக்கொண்டது போலிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் அவருக்கே தெரியவில்லை. வலது காது தலையணையில் பதிய அவர் படுத்துவிட்டால், பாத்திரம் விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். அசதி என்று நினைத்திருந்தேன்.

அண்ணனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தான். கையிலிருந்த டீ சட்டையில் சிந்தியது. "அட போடா! ரிசீவர மாத்துறான், பொட்டிய மாத்துறான், கேக்குற டப்பாவுல ஒரு பக்கம் அவுட்டு! மாப்ள, நீ ஸ்டீரியோவே இல்லடா. மோனோ!"

"அண்ணே, சும்மா இருங்க" என்றார் நசீர்.

இவர் நேரே அரியலூர் பஸ்ஸில் ஏறினார். கோயிலுக்கும் போகவில்லை. அரியலூரில் இறங்கியதும் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், கொவாரியில இதச் சொல்லிடாதீங்க. மெடிக்கல் வருது."

"நான் ஏன் மாப்ள சொல்றேன்? என் தங்கச்சி சோத்துல நானே மண்ணள்ளிப் போடுவனா?"

அடுத்த ஞாயிறு அண்ணன் வந்தான், கூட்டாளிகள் சிலரோடு. அண்ணியின் தம்பி பூமாலையும் வந்தான். அவனும் டிரைவர்தான். கோழி அடிக்கச் சொன்னார்கள். சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் துண்டை எடுத்து இவர் கண்ணைக் கட்டினான்.

"ஒரு வெளையாட்டு மாப்ள. பாட்டு எந்தப் பக்கம்னு சொல்லு. வேற ஒண்ணுமில்ல."

"வேணாம் மச்சான்."

"எல்லாம் நம்ம பசங்கடா. சிரிக்கிறதோட சரி, வெளிய வாயத் தொறக்க மாட்டானுவ. சிரிக்க வுடலன்னாதான் பேசுவானுவ."

இவர் துண்டை அவிழ்க்கவில்லை. அண்ணன் குமிழை ஒரு பக்கமாகத் திருப்பினான். இவர் வலது என்றார். மறு பக்கம் திருப்பினான். வலது என்றார். பாட்டு அவருக்குக் கேட்டது. எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் கைதட்டினார்கள். "மோனோ சார், மோனோ சார், எந்தப் பக்கம் சார்?"

அப்போது பூமாலை எழுந்துவந்து இவருடைய இடது காதருகே குனிந்தான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். வாசல்நிலையில் சொம்போடு நின்ற எனக்கு அது தெளிவாகக் கேட்டது. எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல், கண்ணைக் கட்டிக்கொண்டு, இவரும் சிரித்தார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

அதன்பின் ஞாயிறுதோறும் வந்தார்கள். இவர் ஒருநாள் அவர்கள் போனபின் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "கட்டு. நீ திருப்பு. கத்துக்க முடியுதான்னு பாப்போம்."

தினமும் வேலை விட்டு வந்து குளித்ததும் ஸ்டூலில் உட்காருவார். நான் கண்ணைக் கட்டிவிட்டுக் குமிழைத் திருப்புவேன். முதலில் எல்லாமே தப்பு. பிறகு ஒரு நாள், "இரு, இரு. அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றது போர்வைக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு" என்றார். தலையை ஒரு நூல் அளவு திருப்பினால் சத்தம் கூர்மையாகிறதா மங்குகிறதா என்று பார்ப்பார். தாடை அசைவதே தெரியாது. மாசி முடியும்போது பெரும்பாலும் சரியாகச் சொன்னார். வாசலில் மாட்டு மணி சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டுவார். சரியாக இருந்தால் சிறுபிள்ளை மாதிரி என்னைத் தூக்கிச் சுற்றுவார். நடுவில் நிற்கும் ஆளை மட்டும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "அது போவட்டும்" என்றார். "வேலைக்கு அந்தப் பொம்பள தேவையில்ல."

அடுத்த ஞாயிறு விளையாட்டில் அவர் ஜெயித்தார். இடது என்றார், சரி. வலது என்றார், சரி. மறுபடி இடது, சரி. கூட்டாளிகள் சத்தம் போட்டார்கள். "யோவ், மோனோ ரிப்பேர் ஆயிட்டாருய்யா!" அண்ணன் சிரிக்கவில்லை. குனிந்து இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு குமிழைத் திருப்பினான். அவன் பார்த்தது கண்ணை அல்ல, தாடையை. எனக்கு அது அப்போதே பிடிக்கவில்லை.

மெடிக்கல் பங்குனியில் வந்தது. காது சோதனை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணை மூடி நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து டாக்டர் விரலைச் சொடுக்குவார். சத்தம் வந்த பக்கத்துக் கையைத் தூக்க வேண்டும். இவர் தூக்கினார். எல்லாம் சரி. டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டாராம். ஆட்களை அழைத்துவந்திருந்த அண்ணன் கதவோரம் நின்றிருந்தான்.

"சார், தப்பா நெனைக்காதீங்க" என்றான். "தலைய ஆட்டுறான் பாருங்க. அசையாம புடிச்சுக்கிட்டு ஒரு தடவ பாத்துடுங்க. வண்டி ஓட்டுற ஆளு, நாளைக்கு ஒண்ணுன்னா நம்ம தலையில வுடியும்." டாக்டர் தயங்கியதும், "நானே புடிச்சுக்கிறேன் சார்" என்று முன்னால் வந்தானாம்.

வந்து, இரண்டு கையாலும் இவர் தலையைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் சொடுக்கினார். வலது கை எழுந்தது. மறுபடி சொடுக்கினார். மறுபடி வலது.

அன்று மாலை கிணற்றடியில் கை கழுவிக்கொண்டே இதைச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஒங்கண்ணன் கை ஜில்லுனு இருந்துச்சு குழலி" என்றார்.

லிஸ்ட் வந்தபோது அவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பூமாலை பெயர் இருந்தது. இவர் ஓட்டிய டிப்பரும் பூமாலைக்குப் போனது. இவரை டிப்பர்கள் ரிவர்ஸ் வந்து கொட்டும் இடத்தில் கொடி காட்ட நிறுத்தினான் அண்ணன். "கொடி காட்ட ஒரு காது போதும்டா. சொல்லப்போனா காதே வேணாம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னானாம். இவர் போனார். வேறு எங்கே போவது? ஊரெல்லாம் பெயர் மோனோ ஆகிவிட்டது. தா.பழூரில் ஒரு நெல் லாரிக்கு டிரைவர் கேட்டார்கள் என்று போனால், அங்கேயும் அந்தப் பெயர் முன்னால் போயிருந்தது.

ஆனாலும் வீட்டில் பாட்டு நிற்கவில்லை. குமிழை நடுவில் வைத்துக் கேட்கப் பழகியிருந்தார். "எனக்கில்லன்னாலும் ஒனக்குச் சரியா இருக்கணும்ல" என்பார்.

வைகாசியில் ஒரு நாள், "அந்த வண்டியில ரிவர்ஸ் ஹாரன் போயிடுச்சு. மச்சான்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு, நாளைக்குங்கிறாரு" என்றார். அவர் ஓட்டிய வண்டியைத்தான் சொன்னார்.

அந்த வாரத்திலேயே நடந்தது. வலது பக்கம் ஒரு டிப்பர் கல்லைக் கொட்டிக்கொண்டிருந்தது. கல் சரியும் சத்தத்தில் இரண்டு காது உள்ளவனுக்கே ஒன்றும் கேட்காது. இடது பக்கமிருந்து பூமாலை ரிவர்ஸில் வந்தான். ஹாரன் இல்லை. அவரை ஒரு தார்ப்பாயில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். முகத்தைப் பார்க்கவேண்டாம் என்றார்கள். நான் பார்த்தேன்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். ஹாரன் வேலை செய்ததா என்று கேட்டார். அண்ணன் முன்னால் வந்து நின்றான்.

"ஹாரன விடுங்க சார். அடிச்சிருந்தா மட்டும் கேட்டிருக்குமா? அவன் செவிடு. என் தங்கச்சி புருசன்தான், மறைக்கிறதுல என்ன இருக்கு? வேணும்னா இவனுவளக் கேளுங்க."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கோழி சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். ஆமாம் சார், கண்ணைக் கட்டிப் பார்த்திருக்கிறோம் சார், எந்தப் பக்கம் என்று தெரியாது சார். பூமாலை தலையைக் குனிந்துகொண்டு அதையே சொன்னான்.

நான் எழுந்தேன். "ஒரு காது நல்லா கேக்கும் சார். ஹாரன் அடிச்சிருந்தா நகந்திருப்பாரு. எந்தப் பக்கம்னுகூட கண்டுபிடிப்பாரு. நான் தெனம் பாத்திருக்கேன்."

"எப்படிம்மா பாத்தீங்க?" என்றார் அதிகாரி.

"பாட்டுப் போட்டு" என்றேன். யாரோ பின்னால் சிரித்தார்கள். அதிகாரி தண்ணீர் கேட்டார்.

கவனக்குறைவு, பணியாளரின் உடற்குறை என்று முடித்துவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கூடத்துக்கு வந்தான். கூடவே பூமாலை. அண்ணன் அலமாரி முன்னால் நின்று வெள்ளி முகப்பைத் தடவிப் பார்த்தான்.

"இது இனிமே இங்க எதுக்கு குழலி? தாலியறுத்த வூட்ல பாட்டுச் சத்தம் கேட்டா நாலு பேரு என்ன பேசுவான்? ஒனக்காகத்தான் சொல்றேன்."

நான் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றேன். அவன் போர்டிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். ஒயரைச் சுருட்டினான். ரிசீவரை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டான். பூமாலை தோளுக்கு ஒன்றாகப் பெட்டிகளை எடுத்துக்கொண்டான். நான் தோல் ஒட்டிய பெட்டிகள் அல்ல அவை. அந்தமட்டுக்கும் நல்லது.

வாசல்வரை போன அண்ணன் திரும்பினான். "இதோட வேற ஏதாச்சும் சேந்ததா?"

என் முதுகுக்குப் பின்னால், அரிசித் தகரத்தின் பக்கத்தில், டப்பா முனகிக்கொண்டிருந்தது.

"இல்லண்ணே" என்றேன். "அவ்வளவுதான்."

அந்த ஞாயிறு அவன் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறான். அண்ணி முத்தாயி ரேஷன் கடை வரிசையில் என்னிடம் வந்து சொன்னாள். "சுச்சப் போட்டாரு. ஒரு உறுமல். அப்புறம் பின்பக்கமா குபுகுபுன்னு பொகை. வூடே நாறுது. இந்த மனுசன் நம்பாம ஒயர இடது வலது மாத்துறாரு, பொட்டிய மாத்துறாரு, காத இந்தப் பக்கம் வச்சுப் பாக்குறாரு, அந்தப் பக்கம் வச்சுப் பாக்குறாரு. ரெண்டு பக்கமும் செத்துப்போச்சு குழலி. வந்தவனுவல்லாம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறானுவ."

"பெரம்பலூர்ல நசீர் பாய்கிட்ட காட்டச் சொல்லுங்க அண்ணி" என்றேன்.

காட்டியிருக்கிறான். நசீர் மூடியைத் திறந்து, கருகிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, டப்பா எங்கே என்று மட்டும் கேட்டாராம். மறுநாள் காலையில் அண்ணன் என் வீட்டுக் கூடத்தில் வந்து நின்றான். முகத்தில் சிரிப்பு இல்லை. இப்போது அங்கே பாட்டு இல்லை, பேச்சில்லை, என் வீட்டில் வேறு ஆளும் இல்லை. அதனால் அவனுக்கும் கேட்டது.

"என்னமோ முனகுதே" என்றான். "அதானே அது? எங்கேர்ந்து வருது?"

நான் பாயை உதறிச் சுருட்டிச் சுவரோரம் வைத்தேன்.

"எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்கண்ணே."

அவன் நின்ற இடத்திலேயே தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான்.